ஒரே சைக்கிள், பல பாதை

மலைச் சைக்கிள் எங்கே பிறந்தது என்று கேட்டால், அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். 1970-களில் அங்குள்ள இளைஞர்கள் 1930, 40-களில் ஷ்வின் கம்பெனி செய்த கனத்த பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மலைத் தடத்தில் இறங்கினார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்துப் பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. கீழே வருவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. அதனால் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாரண்டஹள்ளி சைக்கிள் கடைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நம்மிடம் இருந்ததும் கியர் இல்லாத கனத்த வண்டிதானே! அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ, சோனிபட் அட்லஸ். எல்லாமே 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். சென்னைத் தார் ரோட்டுக்கும் நம் ஊர்க் கல்லுக்கும் கம்பெனி ஒரே வண்டியைத்தான் அனுப்பியது. மிச்சம் கடைக்காரர் கைவேலை.

பால் கேன் கட்டுகிறவருக்குக் கனமான கேரியர், தடித்த போக்ஸ் கம்பி, முன் போர்க்குக்கு முட்டுக்கம்பி. பஞ்சப்பள்ளிப் பக்கம் மேடு மிதிக்கிறவருக்கு 18 பல் பிரீவீலை எடுத்துவிட்டு 22 பல். முன்னால் 44 பல் இருந்தால், ஒரு மிதிக்கு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றிய பின்சக்கரம் இப்போது சரியாக இரண்டு சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும், ஆனால் முழங்கால் பிழைக்கும். சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ளினால் பழைய செயினே போதும்.

இறக்கம்தான் பயம். நம் கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை இரும்பு ரிம்மைப் பிடிக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்தால் பிடிக்காது. பின்னால் தக்காளிக் கூடையோடு வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார். மரின் பையன்களுக்குப் பிரேக் போனால் பந்தயம் போச்சு. இவருக்கு அன்றைய கூலியே போச்சு, சில சமயம் காலும்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடைக்காரர்கள் ஒரு வண்டியை ஒரு பிழைப்புக்குத்தான் பொருத்தினார்கள். மேட்டுக்குப் போட்ட 22 பல் சமதரையிலும் 22 பல்தான். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தப் பழைய வண்டியில் பல பல்சக்கரங்களைப் பூட்டி, ஓட்டும்போதே மாற்றும்படி செய்தார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே வந்துவிட்டது.

இன்று நம் தெருப் பையன்களிடமும் கியர் வண்டி இருக்கிறது. ஆனால் காற்றை மட்டும் கல் மாதிரி அடித்துக்கொண்டு சின்னாற்று மணலில் இறக்கிச் சக்கரம் புதைந்து நிற்கிறார்கள். மணலுக்கும் சரளைக்கும் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். ரொம்பவும் இறக்கிவிடக் கூடாது. கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.