எச்-4 நெல்லும் வாவிக்கரை விவசாயியும்

நோய் தாங்கும் பயிரினம் பற்றிப் பேசும்போது இலங்கையில் கோப்பியிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1869 இல் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டு, இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கோ இந்த வரலாறு நெல்லில் இருக்கிறது.

வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். நம்மவர் பலரின் பழைய வாழ்க்கை இப்படித்தான். அன்று விதைத்த நாட்டு நெல் உயரமானது. அடங்கல் உரம் கேளாது. உரத்தைக் கூட்டினால் பயிர் சாய்ந்துவிடும், எரிபந்த நோயும் பற்றும்.

1958 இல் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 ஐ வெளியிட்டது. உள்நாட்டு முருங்கைக்காயனும் இந்தோனேசிய 'மாஸ்' நெல்லும் அதன் பெற்றோர். எரிபந்தத்தைத் தாங்கியது, விளைச்சலும் கூடியது, நாம் விரும்பும் சிவப்பரிசி வேறு. 'எச்' என்பது கலப்பினத்தைக் குறித்தாலும், விதையை ஆண்டுதோறும் வாங்கத் தேவையில்லை. களத்தில் எடுத்து வைத்தாலே போதும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வயலுக்காரனின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. "நோய் வராது எண்டாங்க, சரிதான். உரம் கூடினா படுத்திருமே!" எச்-4 உம் உயர்ந்து வளரும் இனம். மாரி மழையில் சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும்.

1970களில் குட்டை இனங்கள் வந்தன. அவை சாயவில்லை. ஆனால் யூரியா நிறைய வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. அடர்ந்த பயிருக்குள் கபிலத் தத்தி பெருகியது. தத்தியைத் தாங்கும் குணத்தைக் கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி-33 நெல்லிலிருந்து எடுத்து, 1980 இல் பிஜி 379-2 வந்தது.

எதிர்ப்புச் சக்தியும் நிரந்தரமல்ல. இந்தியாவின் 'கென்ட்' கோப்பி துருவைத் தாங்கும் என்று பரப்பப்பட்டது. பின்னர் துருவின் புதிய வகைகள் அதையும் தாக்கின.

ஒரு நோய்க்குத் தீர்வு தந்த விதை, உரத்துக்கும் கடனுக்கும் நம்மைக் கட்டிவைத்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானதென்று வயல்கள் காட்டின. எனவே புதிய நெல் வந்தால், "எந்த நோயைத் தாங்கும்?" என்பதோடு நின்றுவிடாமல், "செலவை யார் தாங்குவது, விதையை எடுத்து வைக்கலாமா?" என்றும் கேட்பது நமக்கு நல்லது.