தோட்ட எல்லையில் நின்ற உரிமைகள்: இலவசக் கல்வியும் மருத்துவமும் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் சமூகநல வரலாற்றை எழுதுவோர் இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் பெருந்தலைவர்கள் மனமுவந்து அளித்த கொடைகளாகவே பெரும்பாலும் சித்திரிப்பர். இக்கருத்து மீளாய்வுக்குரியது என்பதே எமது துணிபு.

1931 இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கிராமத்து உழவனின் வாக்கை நாடவேண்டிய நிலை மந்திரிகளுக்கு ஏற்பட்டது. 1934-35 இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. நிவாரணப் பணிக்குச் சென்ற இடதுசாரி இளைஞர் அங்கு நோயை மட்டுமன்றிப் பட்டினியையும் கண்டனர். இவ்வழிவின் பின்னரே கிராமப்புற மருத்துவச் சேவை விரைந்து விரிவுபெற்றது. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1946 இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆகவிருந்த சிசு மரண வீதம் மறு ஆண்டில் 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் டி.டி.டி. தெளிப்பின் பங்கு எத்துணை என்பது இன்றும் விவாதத்துக்குரியதே. எனினும், அரசின் கை கிராமத்தை எட்டியிருந்தமை மறுக்கவியலாதது.

அக்கை தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்துரையின் கடமையாக்கியிருந்தது. மருத்துவமும் தனிச் சட்டங்களின்கீழ்த் தோட்ட நிருவாகத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. கொழுந்து கொய்யும் கைகளை எதிர்பார்த்திருந்தவரிடமே அக்கைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. இம்முரண்பாட்டின் விளைவே, தொடக்க வகுப்புகளுடன் முடிவுற்ற ஓராசிரியர் பள்ளிகள்.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வாக்குப் பலத்தைச் சிதைத்தன. வாக்கை இழந்த மக்கள் வகுப்பறைக்காக வாதாடும் வலிமையையும் இழந்தனர். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களின் பின், 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்கலாயிற்று. தோட்ட வைத்தியசாலைகளோ 1990கள் வரை காத்திருக்க நேர்ந்தது. தேசிய சராசரிகளைக் கொண்டு பெருமிதமடைவோர் இத்தாமதத்தை நோக்குவதில்லை.

கொடையாயின் அது அனைவருக்கும் கிட்டியிருக்கும். அரசியற் பலம் இருந்த இடத்தில் உரிமையாகவும், அது பறிக்கப்பட்ட இடத்தில் முதலாளியின் தயவாகவும் அமைந்தமையே எமது வரலாறு. கல்வியையும் மருத்துவத்தையும் தனியாரிடம் ஒப்படைக்கலாம் என்போர் முதலில் கற்கவேண்டிய பாடம் மலையகத்தில் உள்ளது.