முதற்பந்தை வீசிய தமிழர்

2025ஆம் ஆண்டில் கேரள அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நின்றபோது, மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் அதுவே பேச்சாயிருந்தது. அக்கோப்பையின் முதற்பந்தை வீசியவர் ஒரு தமிழரே என்பதை நம் இளைஞருள் அறிந்தவர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

எம். ஜே. கோபாலன் 1909இல் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். வேகப் பந்து வீச்சில் வல்லவர். சென்னைக் கிரிக்கெட்டில் பெரும் புள்ளியாயிருந்த சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அவர்தம் திறமையைக் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழிசெய்தார். அமெரிக்காவில் பேஸ்பால் வீசுவோர்க்கு அவ்வீச்சே பிழைப்பு. அந்நாளில் நம் நாட்டிலோ பந்து சோறு போடாது, உத்தியோகந்தான் போட்டது. மாதச் சம்பளத்தில் காலந் தள்ளும் நமக்கு இதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை!

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஆடி ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். அவருடைய டெஸ்ட் வாழ்வு அவ்வோர் ஆட்டத்தோடு முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தோடு ரஞ்சிக் கோப்பை தொடங்கிற்று. முதற்பந்து கோபாலனுடையது. மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. 11 விக்கெட்டுகளைச் சாய்த்து அன்றைய புகழைத் தட்டிச் சென்றவர் ஏ. ஜி. ராம்சிங்.

கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935இல் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடினார். 1936இல்தான் சோதனை வந்தது. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபுறம் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. இங்கிலாந்திலோ கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடமில்லை. இதைக் கேட்டோர் பலர் 'ஐயோ!' என்பர். நாம் அங்ஙனம் இரங்கவில்லை. கிரிக்கெட்டே அவருக்கு உத்தியோகமும் பெயரும் தந்தது. அதைக் கைவிடாதவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

பின்னாளில் அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டது. 1952-53 முதல் அதற்காகச் சென்னையும் இலங்கையும் ஆடின. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கை வீரர்க்கு அந்நாளில் அஃது அரிய வாய்ப்பாயிருந்தது. கோபாலன் 2003 டிசம்பரில், தம் 94ஆம் வயதில், சென்னையில் காலமானார்.