பிடியும் விடுதலையும்: ஒரு கறுப்புச் சாயத்தின் கதை

ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த கைகி நிறுவனம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயத்தைக் கம்பளிக்காகவே உருவாக்கியது. துவைத்தாலும் வெயிலில் கிடந்தாலும் வெளுக்காத கறுப்பு வேண்டும் என்பது அன்றைய ஆலைகளின் தேவை. அதற்குச் சாயம் மட்டும் போதாது. ஓர் உலோகமும் துணைக்கு வர வேண்டும்.

முதலில் அமிலம் கலந்த நீரில் கம்பளியையும் சாயத்தையும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். அமிலத்தில் கம்பளிப் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறும். சாயத்தின் சல்போனேட் முனைக்கோ எதிர்மின்னேற்றம். ஒட்டிக்கொள்ளும், ஆனால் உறுதியாக அல்ல. பிறகு தொட்டியில் டைகுரோமேட்டைச் சேர்த்து மறுபடி கொதிக்கவைப்பார்கள். அதிலுள்ள குரோமியம் +6 நிலையில் இருப்பதால் சாயத்தோடு அப்படியே இணையாது. அதை +3 நிலைக்கு இறக்குவது கம்பளியேதான். அதன் புரதத்தின் சிஸ்டினில் உள்ள கந்தகம் குரோமியத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. தன் வலுவில் கொஞ்சம் இழந்துதான் கம்பளி இந்தக் கறுப்பை வாங்கிக்கொள்கிறது.

குரோமியத்துக்கு ஆறு பிணைப்பிடங்கள். ஒரு சாய மூலக்கூறு இரண்டு ஆக்சிஜன்களாலும் ஒரு நைட்ரஜனாலும் மூன்றைப் பற்றிக்கொள்ளும்; இன்னொன்று வந்தால் ஆறும் நிறைந்துவிடும். இழைக்குள் உருவாகும் அந்தப் பெரிய கூட்டு எளிதில் வெளியேறாது. குரோமியம் (+3) பற்றியதைச் சட்டென்று விடுகிற உலோகமும் அல்ல.

சாயமிடுபவருக்கோ தலைவலி. குரோமியம் சேரும்வரை இறுதி நிறம் தெரியாது; தெரிந்தபின் திருத்துவது கடினம். போதாக்குறைக்குக் கழிவுநீரில் குரோமியம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரண்டு சாய மூலக்கூறுகளுக்கு ஓர் உலோக அணு என்று முன்கூட்டியே கட்டிய சாயங்கள் வந்தன. கடும் அமிலம் வேண்டாம், டைகுரோமேட் வேண்டாம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பழைய சாயத்துக்கு வேறு வேலை கிடைத்தது. சூரிச்சில் கெரோல்ட் ஷ்வார்ட்சன்பாக், உலோக அயனிகளை, அவற்றைக் கவர்ந்து பிணைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தால் அளக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1948இல் அவரும் சக ஆய்வாளர் பீடர்மானும் இந்தச் சாயத்தை நிறங்காட்டியாக்கினார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தவர்களுக்கு ‘ஈ.பி.டி.’ என்ற அதன் சுருக்கப்பெயர் தெரியும்.

பி.எச். 10இல் மக்னீசியத்தைப் பிடித்தால் சாயம் ஒயின் சிவப்பு, விட்டால் நீலம். பியூரெட்டிலிருந்து சொட்டும் ஈ.டி.டி.ஏ. கடினத்தன்மைக்குக் காரணமான, நீரில் தனித்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் முதலில் கவர்ந்துகொள்ளும். கடைசியில் சாயத்திடம் இருக்கும் மக்னீசியத்தையும் பறிக்கும். நீலம் தெரிந்ததும் குழாயை மூட வேண்டும். கம்பளியில் விடாப்பிடிக்காக விலைபோன சாயம், இங்கே எளிதில் விட்டுக்கொடுப்பதால்தான் உதவுகிறது. கால்சியத்தை அது மக்னீசியத்தைவிடத் தளர்வாகவே பிடிக்கும். ஆகவே மக்னீசியமே இல்லாத நீரில் நிறமாற்றம் மங்கலாகிவிடும், கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பழைய குணம் அடியோடு போய்விடவில்லை. மாதிரி நீரில் செம்பு, நிக்கல், அலுமினியம், குரோமியம் போன்றவை கலந்திருந்தால் சாயம் அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். ஈ.டி.டி.ஏ.வை எவ்வளவு ஊற்றினாலும் நீலம் வராது. அந்த உலோகங்களை வேறொரு பொருளால் முன்னதாகக் கட்டிவைத்த பிறகே அளவீட்டைத் தொடங்க முடியும்.