பள்ளியில் குழந்தைகளின் புலன் ஒழுங்கமைவு

ஒலி, ஒளி, தொடுகை, மணம், அசைவு ஆகிய தூண்டல்களால் அளவுமீறிக் கலங்காமலும், அவற்றுக்கு மந்தமாகிச் சோர்ந்துவிடாமலும், செய்யும் வேலைக்கு வேண்டிய விழிப்பில் தன்னை வைத்துக்கொள்ளும் திறன் புலன் ஒழுங்கமைவு எனப்படும். ஐம்புலன்களுடன், உட்செவி தரும் சமநிலை உணர்வும் தசைகளும் மூட்டுகளும் தரும் உடல்நிலை உணர்வும் இதில் அடங்கும். வகுப்பறையில் பெரும்பாலும் கவனத்துக்கு வராமல் போவது கடைசி இரண்டும்தான்.

அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் உளவியலாளருமான ஏ. ஜீன் ஏயர்ஸ் (1920–1988) இத்துறைக்கு அடித்தளமிட்டவர். புலன்கள் தரும் தகவல்களை மூளை ஒன்றுசேர்க்கும் புலன் ஒருங்கிணைப்பையும் கற்றல் குறைபாடுகளையும் இணைத்து அவர் எழுதிய நூல் 1972இல் வெளிவந்தது. 1997இல் அதே துறையைச் சேர்ந்த வின்னி டன், தூண்டல்களுக்குக் குழந்தைகள் காட்டும் நடத்தையை நான்கு போக்குகளாக விளக்கினார். பலமுறை கூப்பிட்டும் திரும்பாத குழந்தைக்குத் தூண்டல் போதுமான அளவில் பதிவதில்லை. பெஞ்சை ஆட்டிக்கொண்டே இருப்பவன் தூண்டலைத் தேடுகிறான். சட்டைக் காலரின் லேபிள் உறுத்துவதால் பாடத்தில் மனம் பதியாதவள் கூருணர்வு கொண்டவள். மணியடிக்கும் நேரம் நெருங்கும்போதே காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்குபவன் தூண்டலைத் தவிர்க்கிறான். ஒரே குழந்தை ஒலியைத் தவிர்த்து அசைவைத் தேடலாம். ஆகவே குழந்தைக்கு ஒற்றை முத்திரை குத்துவது பயன் தராது.

2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் மனநல நோயறிதல் கையேடு, புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தைகளிடமும், எந்த நோயறிதலும் இல்லாத குழந்தைகளிடமும்கூட இத்தகைய சிரமங்கள் காணப்படுகின்றன.

ஆதரவு, குழந்தையைத் திருத்துவதில் அல்ல, அறையைத் திருத்துவதில் தொடங்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்கிறது. சிமெண்ட் தரையும் வெற்றுச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அறையில் இது எட்டாத அளவு. ஆனாலும் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, சன்னலுக்குத் துணித்திரை, கடகடக்கும் மின்விசிறியிலிருந்து தள்ளி ஓர் இடம் ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. அன்றைய பாடவேளைகளைப் படங்களாகப் பலகையில் வைத்தால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும்.

அசைவு இரண்டாவது தேவை. நோட்டுக் கட்டைத் தலைமையாசிரியர் அறைக்குத் தூக்கிச் செல்வது, மேசைகளை நகர்த்துவது, சுவரை இரு கைகளாலும் தள்ளுவது போன்றவை தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தருவதால் பல குழந்தைகளை அமைதிப்படுத்துகின்றன. துறுதுறுப்பான பிள்ளைக்குத் தண்டனையாக இடைவேளையை மறுப்பதும், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும் அவனுக்கு மிகவும் வேண்டியதைப் பறிப்பவை.

மூன்றாவது தேவை அமைதி மூலை. அது பாயும் திண்டும் உள்ள, வெளிச்சம் மட்டான ஓர் இடம். குழந்தை தானாகப் போய்த் தானாகத் திரும்ப வேண்டும். தண்டனையாக அனுப்பினால் அதன் பயனே கெட்டுவிடும். புலன் சுமை தாங்காமல் குழந்தை உடைந்து அழுவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வது கொடுமை. அப்போது கேள்வி கேட்காமல், பேச்சைக் குறைத்து, சுற்றியுள்ளவர்களை விலக்கி, அருகில் இருந்தால் போதும்.

எல்லா உத்திகளுக்கும் வலுவான சான்று இல்லை. எடையேற்றிய மேற்சட்டைகளுக்கான ஆதாரம் பலவீனமானது. ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான கூடுதல் பலன் தரவில்லை. இத்தகைய சிரமங்களைப் புலன் செயலாக்கச் சிக்கல் என்ற தனி நோயாகக் குறிக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆகவே விலையுயர்ந்த கருவிகளை வாங்குமுன், ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, சில வாரங்கள் குறிப்பெடுத்து, பலன் இல்லையென்றால் கைவிடுவதே முறை. எது உதவுகிறது என்பதைக் குழந்தையிடமும் கேட்க வேண்டும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் உள்ளடக்கியது. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது இச்சட்டம். இரைச்சல் தாங்காத மாணவி காலைக் கூட்டத்தில் காதுமூடி அணிய அனுமதி கேட்பதை, சலுகையாகப் பார்க்காமல் இந்த உரிமையின் கீழ்தான் அணுக வேண்டும்.