செக்ரோலில் எழுதப்படாத வலி



இன்று எழுதப்போவது மாதவிடாய் வலியின் சரித்திரம். "இதையெல்லாம் பேஸ்புக்கில் போடலாமா டீச்சர்?" என்று கேட்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். போடத்தான் வேண்டும். ஒவ்வொரு மாதமும் வகுப்பில் ஒன்றிரண்டு நாள் வெறுமையாகும் கதிரைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். காரணம் கேட்டால் "காய்ச்சல் டீச்சர்" என்பார்கள். மாதம் தவறாமல் வரும் காய்ச்சல்!

தோட்டத்துப் பெண்ணின் உடம்பைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1872-இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த சனம் வழியிலும் லயத்திலும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆள் செத்தால் கோப்பி பறிக்க ஆளில்லை. ஆகவே வைத்தியச் செலவில் தோட்டக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. 1916-இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஒழிக்க வந்து தோட்டங்களில்தான் வேலையைத் தொடங்கியது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களின் இரத்தத்தைக் குடிக்கிற புழு அது. எங்கள் சபரகமுவ மழையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 1939-இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது.

வரிசையைப் பாருங்கள். கொள்ளைநோய், புழு, பிரசவம். ஆள் சாகாமல் இருக்க வேண்டும், ஆள் வேலை செய்ய வேண்டும், அடுத்த ஆள் பிறக்க வேண்டும். இறக்குவானை, பலாங்கொடை மலைகளில் கூடையோடு ஏறியவளும், தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் விடியக் காலையில் இறப்பர் பால் வெட்டப் போனவளும், மாதாமாதம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு இந்தச் சட்டங்களில் ஒரு வரியும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி கிடைத்ததே 1984-இல்தான். அதன் பிறகும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். வலியால் குறைந்ததா, சோம்பலால் குறைந்ததா என்று தராசு கேட்பதில்லை.

தோட்டத்தைச் சொல்லி என்ன, பெரிய வைத்தியர்களும் அன்று அப்படித்தான் இருந்தார்கள். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் மேல்நாட்டு வைத்தியர்களில் பலர் இந்த வலிக்கு மனசுதான் காரணம், பெண்மையை ஏற்க மறுப்பதுதான் காரணம் என்றே எழுதி வந்தார்கள். லண்டன் டாக்டர் ஐயாவும் எங்கள் கங்காணியும் ஒரே கருத்து!

1957-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய்க் கசிவிலேயே தசையை இறுகச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். வலி கூடிய பெண்களிடம் அது கூடுதலாக இருப்பதும் பிறகு தெரியவந்தது. அதன் பெயர் புரொஸ்டகிளாண்டின். சுவீடனின் வொன் ஒய்லர் 1935-இல் வைத்த பெயர் அது. ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து அப்படி வைத்தார். பெண்களின் வலிக்குக் காரணமான பொருளுக்கு ஆணின் உறுப்பின் பெயர்! கருப்பையின் உட்தோல் கழன்று விழும்போது இந்தப் பொருள் சுரந்து கருப்பைத் தசையை முறுக்குகிறது. முறுக்கும்போது இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, தசைக்குக் காற்றில்லாமல் போகிறது, வலிக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதேதான், ஆனால் உள்ளே. அந்தப் பொருள் குடலையும் விட்டுவைக்காது. அந்த நாட்களில் சத்தி வருவதும் வயிறு கழிவதும் பிள்ளை நடிப்பதால் அல்ல.

1971-இல் ஜோன் வேன், அஸ்பிரின் வகை மருந்துகள் இந்தப் பொருள் உருவாவதையே தடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் எல்லாம் இந்த வகைதான். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை. தொடக்கத்திலேயே, சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. இரத்தினபுரி, கேகாலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று: காய்ச்சலும் கூட இருந்தால் இந்த மாத்திரைகள் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அந்த நேரம் பெனடோல் மட்டும் எடுத்து வைத்தியரிடம் போங்கள்.

மருந்து வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. 2019-இல் தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்தது செய்தியாக வெளிவந்தது. வலி என்று சொன்ன பெண்களுக்கு மேற்பார்வையாளர்களே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உறையில் பெயர் இல்லை, என்ன மருந்து என்றும் இல்லை. செய்தியாளர்கள் பேசிய சுமார் 100 பெண்களும் அப்படி வாங்கி விழுங்கியவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறகு உடம்புக்குப் பிரச்சினை வந்திருந்தது. மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்த மாத்திரை அது. 1872-இன் கணக்கேதான், வேறு உடுப்பில். பெயர் தெரியாத மாத்திரையை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

சூட்டைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னது சரி. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் தொடர்ந்து சூடு வைத்ததும் ஐபுபுரோபன் எடுத்ததும் வலியைக் குறைப்பதில் கிட்டத்தட்ட ஒரே அளவு பயன் தந்தன. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தால் போதும், காசு செலவில்லை. ஆனால் "கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொன்னதை விட்டுவிடுங்கள். கருப்பை உட்தோல் போன்ற திசு வெளியே வளர்கிற என்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதம் பேருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடம் போகப் போகக் கூடும் வலி, மற்ற நாட்களிலும் விடாத வலி, மணிக்கொரு தடவை பேட் மாற்ற வைக்கும் இரத்தப்போக்கு இருந்தால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும், பரிகாரத்துக்கு அல்ல.

மார்க்கத்தைச் சொல்லி வாயை மூட வைப்பவர்களுக்கு ஒரு சொல். ஹஜ் பயணத்தில் ஆயிஷா நாயகிக்கு இந்த நாள் வந்து அவர்கள் அழுதபோது, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று நபிகளார் ஆறுதல் சொன்னதாக ஹதீஸில் இருக்கிறது. ஓர் ஆண், பயணத்தின் நடுவே, மனைவியின் மாதவிடாயைப் பற்றி வெட்கமில்லாமல் பேசியிருக்கிறார். இப்னு சீனாவின் கானூனிலும் கருப்பை நோய்களுக்குத் தனிப்பகுதியே உண்டு. வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அங்கிருந்து மட்டும் வரவில்லை.

லீவு விடயம். ஜப்பான் 1947-இல் தொழிற்சட்டத்திலேயே மாதவிடாய் லீவை எழுதியது. பீகார் 1992-இல் அரச பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. நமது நாட்டுச் சட்டத்தில் இன்னும் இல்லை. ஆனால் ஆசிரியர்களான எங்களுக்குப் பிடித்த கதை 1912-இல் திருப்பூணித்துறை அரச பெண்கள் பாடசாலையில் நடந்தது. வருடப் பரீட்சை நேரம் மாதவிடாய் வந்த மாணவிகளுக்கு லீவு கொடுத்து, பிறகு பரீட்சை எழுத விட்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்திய கேரளம்!

இங்கே சாதாரண தரப் பரீட்சை அப்படித் தள்ளிப் போகாது. ஆகவே பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளின் உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும்: நாட்காட்டியில் திகதியைக் குறித்து வையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை என்று முன்கூட்டியே வைத்தியரிடமோ, தோட்டத்துக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸியிடமோ கேட்டு வையுங்கள். அன்று காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். வாப்பாமாரும் அப்பாமாரும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.