கிடங்கு: ஒரு சொல்லும் ஒரு வட்டாரமும்

பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள ஆயர் தாவார், பெயரால் உப்பில்லா நன்னீரைக் குறிக்கும் ஊர். சென்ற நூற்றாண்டில் அதனைச் சூழ்ந்திருந்தவை பால்மரத் தோட்டங்கள். அவ்வட்டாரத்தின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர் மரத்தையும் உழைப்பையும் விலையையும் பேசுவர். விளைந்த பொருள் எங்கே காத்துக் கிடந்தது என்று கேட்போர் அரியர். அக்கேள்வியை நாம் ஒரு சொல்லின் வழியே அணுக விரும்புகிறோம். அச்சொல் கிடங்கு.

‘கிட’ என்னும் வினையடியில் பிறந்த சொல் அது. பழந்தமிழில் அகழியைக் குறித்தது. பள்ளத்தைச் சுட்டிய சொல், பின்னர்ச் சரக்குக் கிடக்கும் இடத்தைச் சுட்டலாயிற்று. வீட்டு நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும் இருந்தன, கிடங்கோ வணிகருடையது. ஆகவே அது கடல் கடந்தது. நம் கப்பலும் கடையும் பெட்டியும் முதலும் மலாயில் காப்பால், கெடாய், பெத்தி, மோடால் என வழங்குவதை மாணவர் அறிவர். குடாங், கெடோங் என்பவற்றையும் அறிஞர் அக்குடும்பத்திலேயே சேர்ப்பர். தெலுங்கின் கிட்டங்கியும் இவற்றுக்கு உறவு. கீழைக்கடல் வணிகத்தின் வழியே ஆங்கிலம் இச்சொல்லைக் ‘கோடவுன்’ எனப் பெற்றது; அது குடோனாகித் தமிழுக்கே திரும்பியது. குடோனை மூலச் சொல்லென்றும் கிடங்கை அதன் மொழிபெயர்ப்பென்றும் எண்ணும் மாணவரை நாம் வகுப்பறையில் பலமுறை கண்டதுண்டு. பாட்டியைப் பேத்தியின் மகள் என்பது போன்ற பிழை அது.

ஆயர் தாவாரிலிருந்து லுமுட் சென்று படகேறினால் பாங்கோர் தீவை அடையலாம். அங்கே தெலுக் கெடோங் என்றோர் ஊர் உண்டு. தெலுக் என்பது குடா. கெடோங் எதுவென்று இனிச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வூரில் நிற்கும் செங்கற் சுவர்களை மக்கள் ஒல்லாந்தர் கோட்டை என்பர். 1670இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி அதனை எழுப்பியது பேராக்கின் ஈயத்தைச் சேர்த்து வைத்துக் காப்பதற்கே. 1690இல் அது தாக்குண்டு அழிந்தது. 1743இல் மீண்டும் கட்டப்பட்டது. 1748இல் காவற்படை நீங்கியது. சரக்கறைக்குக் கோட்டைச் சுவர் எதற்கு? ஈயம் அழுகாது, எத்தனை திங்களும் கிடக்கும். வாங்கிக் குவித்து, பிறர் கைக்குப் போகாமல் தடுத்து, கப்பல் வரும்வரை காக்க வல்லவனே விலையை ஆண்டான்.

பால்மரத்தின் பால் அத்தகையதன்று. வெட்டிய சில மணி நேரத்தில் தானே உறையத் தொடங்கும். அதனை நிறுத்து, நீர் கலந்து, அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்ட பின்னரே அது நெடுநாள் கிடக்கத்தக்க சரக்காகும். ஈரம் போகவும் பூஞ்சணம் பிடியாதிருக்கவுமே புகை. இவ்வேலைகள் நடந்த இடத்தைத் தோட்டத் தமிழர் ‘ஸ்டோர்’ என்றனர். கிடங்கைக் கடல்தாண்டி அனுப்பிய மொழியினர், தாமே பொருள் சுமந்து குவித்த இடத்துக்கு அச்சொல்லை வழங்காமற் போனது ஏன்? அவ்விடம் அவர்களுடையதன்று என்பதே நம் கருத்து. துரையும் கிராணியும் இட்ட பெயரே நிலைத்தது. பாலை நிறுத்துக் கொடுத்ததோடு தொழிலாளியின் உரிமை முடிந்தது. தகடு நல்ல விலைக்குக் காத்திருந்தால் அந்த ஆதாயம் லயத்துக்கு வருவதில்லை. புகைக்கூடம் இல்லாத சிறு தோட்டக்காரர்களும் ஈரத்தகட்டையும் ஒட்டுப்பாலையும் கடைக்காரர் சொன்ன அன்றைய விலைக்கே விற்க நேர்ந்தது.

தமிழர் எல்லோரும் அச்சொல்லைக் கைவிட்டனர் என்பதற்கில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் தம் தொழிலகங்களைக் கிட்டங்கி என்றே அழைத்தனர். ஆனால் அங்கே கிடந்தவை மூட்டைகள் அல்ல; பெட்டகங்களும் கணக்கேடுகளும். ஒரே கூடத்தில் பல விலாசங்கள் அமர்ந்து வட்டித்தொழில் நடத்தின. அப்பணம் மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கும் கடனாகச் சென்றது. 1930களின் மந்தத்தில் கடன்பட்டோர் நிலங்கள் பல அவர்கள் கைக்கு வந்தன. சரக்கு கிடக்கும் இடத்தின் பெயர் பணம் கிடக்கும் இடத்துக்கு மாறியது, பொருட்பெயர்வுக்கு நாம் அறிந்த நல்ல சான்றுகளுள் ஒன்று.

காத்திருக்கும் வலிமையை நாடுகளும் நாடின. 1979இல் உருவான பன்னாட்டு இயற்கை ரப்பர் உடன்பாடு, 550,000 டன் வரையிலான காப்பிருப்பை வகுத்தது. விலை வீழ்கையில் வாங்கிக் கிடத்துவது, ஏறுகையில் விற்பது என்பதே முறை. கோலாலம்பூரிலிருந்து அதனை நடத்திய அமைப்பு, மலேசியா உள்ளிட்ட நாடுகள் விலகியதால் 1999இல் கலைந்தது.

இதற்கிடையில் ஆயர் தாவார்ப் பக்கத்துப் பால்மரங்கள் பல செம்பனைக்கு இடம்விட்டன. செம்பனைக் குலைக்குப் பொறுமை சிறிதும் இல்லை. வெட்டிய ஒரு நாளளவில் ஆலை சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். குலைக்குக் கிடங்கு இல்லை. எண்ணெய்க்குத் தொட்டியே கிடங்கு. தோட்ட லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் உள்ளனர். அவர்கள் நாள்தோறும் கடக்கும் வாயில்களில் ‘குடாங்’ என்று மலாயில் எழுதியிருக்கிறது.